மாடி வீட்டு ஏழை: கொழும்பில் வளர்ந்த சந்திரபாபுவின் கதை

பெரகலையிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் பாதையில் கொஸ்லந்த வருகிறது. அந்தப் பக்கத்துத் தேயிலை மலைகளில் வீடுகள் நிற்கும் ஒழுங்கைப் பார்த்தாலே போதும், அங்கே மனிதர்கள் எப்படி அடுக்கப்பட்டிருந்தார்கள் என்பது புரிந்துவிடும். மேட்டில் துரை பங்களா. அதற்குக் கீழே உத்தியோகத்தர்களின் வீடுகள். சரிவிலும் பள்ளத்திலும் லயங்கள். யார் யாரை எப்படி அழைக்க வேண்டும், பங்களாவுக்கு யார் முன்வாசலால் போகலாம், யார் பின்வாசலால் போக வேண்டும் என்பதையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அது லயத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருந்தது.

அந்த லயங்களுக்கு வானொலிப் பெட்டி வந்தபோது, இலங்கை வானொலியின் வழியாக ஒரு விசித்திரமான குரலும் வந்தது. பாதி பாட்டு, பாதி பேச்சு. நடுவில் தொண்டையை உடைத்து உடைத்து மேலேற்றும் ஒரு ஊளை. சிரிக்க வைக்கும் பாட்டுத்தான், ஆனால் முடியும்போது மனதில் ஏதோ பாரம் ஏறியிருக்கும். 1977இலும் 1983இலும் மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறியவர்கள் அந்தக் குரலின் நினைவையும் கூடவே கொண்டு போனார்கள். மின்சாரம் இல்லாத வன்னி இரவுகளில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கும் அந்தக் குரல் தெரியும்.

அது ஜே.பி. சந்திரபாபுவின் குரல். ஏழைப் பையனும் பணக்காரப் பெண்ணும், பணக்காரப் பையனும் ஏழைப் பெண்ணும் காதலித்துத் தடைகளைச் சிரிப்பால் தாண்டும் தமிழ்ப் படங்களுக்கு உயிர் கொடுத்தவர். அவருடைய பிள்ளைப் பருவம் கழிந்தது நமது நாட்டில்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

கடல் தாண்டி வந்த குடும்பம்

1927ஆம் ஆண்டு தூத்துக்குடியில், ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் சந்திரபாபு. அவருக்கு இட்ட பெயர் ஜோசப் பனிமயதாஸ் ரொட்ரிகஸ். தூத்துக்குடியின் பனிமய மாதாவை நினைத்து வைத்த பெயர். தகப்பனார் ரொட்ரிகஸ் பத்திரிகையாளர். ‘சுதந்திர வீரன்’ என்ற பத்திரிகையை நடத்தியவர். பெயரே அதன் நோக்கத்தைச் சொல்லிவிடும். 1920களின் இறுதியில் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டதற்காக ஆங்கில அரசு அவரைக் கைது செய்தது. பிறகு குடும்பம் கொழும்புக்கு வந்து சேர்ந்தது. அப்போது பையன் கைக்குழந்தைப் பருவத்தைத்தான் தாண்டியிருந்தான்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான அந்தக் கடல்வழி மலையகத்தாருக்குப் புதிதல்ல. பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி, கங்காணி சொன்ன கதையை நம்பி, நமது மூதாதையர் பலர் கப்பல் ஏறிய வழிகளில் அதுவும் ஒன்று. அவர்கள் வயிற்றுக்காக வந்தார்கள். ரொட்ரிகஸ் குடும்பம் அரசியலுக்காக வந்தது. காரணம் வேறாக இருந்தாலும், சொந்த ஊரை விட்டு வந்தவர்களின் வீட்டில் வளரும் பிள்ளைக்கு ஒன்று மட்டும் பொதுவாக இருக்கும். இந்த இடம் நம்முடையதல்ல என்ற நினைப்போடுதான் அந்தப் பிள்ளை விளையாடப் போகும். இடம்பெயர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கொழும்பில் பள்ளிக்குப் போன சந்திரபாபுவின் காதில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒன்றாக விழுந்தன. துறைமுக நகரம் அது. பறங்கியர் வீட்டு பைலா ஒருபக்கம், ஆங்கில இசைத்தட்டுகள் மறுபக்கம், தேவாலயப் பாடல் இன்னொரு பக்கம். பிற்காலத்தில் தமிழ்த் திரையில் வேறு யாரும் ஆடாத ஆட்டத்தை ஆடி, வேறு யாரும் பாடாத விதத்தில் பாடியவர் இந்தக் கலப்பில் வளர்ந்தவர் என்பதை மறந்துவிடக் கூடாது. 1943இல் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. அப்போது அவருக்கு வயது 16. தன் நாட்டுக்கே அந்நியனாகத் திரும்பிய பையன்.

மூடிய கதவுகள்

சென்னையில் அவருக்கு வேண்டியது ஒன்றுதான். சினிமா. 1947இல் ‘தன அமராவதி’ என்ற படத்தில் ஒரு சிறு வேடம் கிடைத்தது. அதன்பின் கதவுகள் திறக்கவில்லை. கோட்டும் சூட்டும் போட்டு, சரளமாக ஆங்கிலம் பேசி, கையில் காசில்லாமல் ஸ்டூடியோ வாசல்களில் நின்றார். உடை ஒரு வர்க்கம், வயிறு இன்னொரு வர்க்கம். பின்னாளில் அவர் நடித்துச் சிரிக்க வைத்த பாத்திரங்கள் பலவற்றின் நிலையும் இதுதான்.

1952இல் ஜெமினி ஸ்டூடியோவில், அதன் அதிபர் எஸ்.எஸ். வாசனைச் சந்திக்க முடியாத விரக்தியில், அங்கேயே உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். காப்பாற்றப்பட்டார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. காரணம் கேட்ட நீதிபதியின் முன் ஒரு தீக்குச்சியைக் கொளுத்திக் கையைச் சுட்டுக்கொண்டு, இந்தக் காயம் உங்கள் கண்ணுக்குத் தெரியும், என் வேதனை தெரியாது என்ற பொருள்படப் பேசினார் என்பது அவர் வாழ்க்கையைப் பற்றி அதிகம் சொல்லப்படும் சம்பவம். அதே ஆண்டில் வாசன் தமது ‘மூன்று பிள்ளைகள்’ படத்தில் அவருக்கு வாய்ப்புக் கொடுத்தார்.

வேதனையைப் பிறருக்குப் புரியவைக்க முடியாது என்று அன்று நினைத்த மனிதர், அதன் பிறகு இருபது ஆண்டுகள் பிறரைச் சிரிக்க வைத்தார்.

பெயரை மாற்றினால் போதும்

ஒரு மனிதன் பணக்காரன் என்று எப்படித் தெரிகிறது? உடையால், பேச்சால், சொல்லிக்கொள்ளும் அப்பாவின் பெயரால். இவற்றை மாற்றிவிட்டால் என்ன ஆகும்? வர்க்கம் தாண்டிய காதலைச் சொல்லும் நகைச்சுவைப் படங்கள் உலகம் முழுவதும் கேட்ட கேள்வி இது. 1931இல் சார்லி சாப்ளின் ‘சிட்டி லைட்ஸ்’ படத்தில், பார்வையற்ற பூக்காரப் பெண் ஒரு நாடோடியைப் பணக்காரன் என்று நம்புகிறாள். கண் தெரியாதவளுக்கு அவனுடைய கிழிந்த உடை தெரியவில்லை, அன்பு மட்டும் தெரிந்தது. 1934இல் வந்த ‘இட் ஹாப்பண்ட் ஒன் நைட்’ படத்தில், வீட்டை விட்டு ஓடிய கோடீஸ்வரர் மகளும் வேலையிழந்த பத்திரிகையாளனும் ஒரே பேருந்தில் பயணிக்கிறார்கள். பொருளாதார மந்தத்தில் வேலையில்லாமல் தவித்த அமெரிக்க மக்கள் அந்தப் படத்தைக் கொண்டாடினார்கள்.

தமிழில் இந்தக் கேள்வியை மிகக் குதூகலமாகக் கேட்ட படம், பி.ஆர். பந்துலு இயக்கி 1958இல் வெளிவந்த ‘சபாஷ் மீனா’. பணக்காரரின் பொறுப்பில்லாத மகன் மோகனாக சிவாஜி கணேசன். அவனைத் திருத்துவதற்காகத் தகப்பன் சென்னையில் உள்ள தன் நண்பர் அப்பாதுரையின் வீட்டுக்கு அனுப்புகிறார். மோகன் போகவில்லை. தனக்குப் பதிலாக, தன் பெயரில், நண்பன் சேகரை அனுப்பிவிடுகிறான். அந்தச் சேகர்தான் சந்திரபாபு. பணக்காரப் பெயரோடு பங்களாவுக்குள் போனவன் அந்த வீட்டுப் பெண்ணைக் காதலிக்கிறான். அந்தப் பெண்ணாக நடித்தவர் சரோஜாதேவி. பெயரைக் கொடுத்துவிட்டு வெளியே சுற்றிய பணக்காரனோ மீனா என்ற ஏழைப் பெண்ணைக் காதலிக்கிறான்.

இத்தோடு முடியவில்லை. சந்திரபாபுவுக்கு இந்தப் படத்தில் இன்னொரு வேடமும் உண்டு. சேகரைப் போலவே முகம் கொண்ட ஒரு ரிக்‌ஷாக்காரன். மெட்ராஸ் பாஷை பேசும் சேரிவாசி. தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த ஒருவர், சென்னைத் தெருவின் பேச்சை அந்தத் தெருக்காரர்களே ரசிக்கும்படி பேசினார். பங்களாவில் விருந்தாளியாக இருப்பவனும் தெருவில் வண்டி இழுப்பவனும் ஒரே முகம். வித்தியாசம் துணியிலும் மொழியிலும் மட்டும்தான். படம் இதைப் பிரசங்கமாகச் சொல்லவில்லை. ஆள்மாறாட்டக் குழப்பத்தில் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில்தான், இந்தச் சின்ன உண்மை மெதுவாக உறைக்கும்.

இந்தக் கதை 1962இல் இந்தியில் ‘தில் தேரா தீவானா’ என்ற பெயரில் பந்துலுவின் இயக்கத்திலேயே வந்தது. சந்திரபாபுவின் இடத்தில் மெஹ்மூத் நடித்து ஃபிலிம்ஃபேர் விருது பெற்றார். 1996இல் சுந்தர் சி. இயக்கத்தில் வந்த ‘உள்ளத்தை அள்ளித்தா’வும் ‘சபாஷ் மீனா’வின் சாயலில் உருவானதே. கார்த்திக், கவுண்டமணி பகிடிக்குச் சிரித்த நமது தலைமுறை, தனக்குத் தெரியாமலே சந்திரபாபுவுக்கும் சேர்த்துத்தான் சிரித்திருக்கிறது.

அதே வழியில் வந்த இன்னொரு படத்தைத் தோட்டப்புறத்தார் குறிப்பாக நினைவில் வைத்திருப்பார்கள். ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’, 1964. அதில் சந்திரபாபு இல்லை. ஆனால் எஸ்டேட் முதலாளி இருக்கிறார். வேலையிலிருந்து நீக்கப்பட்ட இளைஞன் ஒருவன் முதலாளியின் பங்களாவுக்கு எதிரிலேயே கூடாரம் அடித்துப் போராடுகிறான். பிறகு கோடீஸ்வரனின் மகன் என்று நடித்து, அந்த முதலாளியின் மகளைக் கைப்பிடிக்கப் பார்க்கிறான். பாலையா அந்த முதலாளியாக நடித்து, பணம் என்றவுடன் எப்படிக் குழைவார் என்பதை மறக்க முடியுமா?

கொஸ்லந்தப் பக்கத்து லயத்திலிருந்து பண்டாரவளைக்கோ பதுளைக்கோ போய்ப் படம் பார்த்த ஒருவருக்கு இந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வேலை நிறுத்தப்பட்ட தோட்டத் தொழிலாளி பங்களாவுக்கு எதிரே கூடாரம் அடிப்பது பகிடிக்குரிய விடயமாக இருக்கவில்லை. அது லயக் காம்பராவை இழப்பதில் முடியக்கூடியது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அவர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள். அந்தப் படம் வந்த அதே 1964இல்தான், ஒக்டோபர் 30ஆம் திகதி, சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மிகுதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று இரண்டு நாடுகளும் மனிதர்களைப் பங்கு போட்டுக்கொண்டன. பெயரை மாற்றினால் பங்களாவுக்குள் போய்விடலாம் என்று திரை சொன்னது. வெளியே, சொந்தப் பெயரைப் பதிவு செய்யவே வழி இல்லாமல் மக்கள் நின்றார்கள்.

இருந்தும் சிரித்தார்கள். அதை ஏமாளித்தனம் என்று நினைக்க வேண்டாம். மேட்டில் இருப்பவர் பிறவியிலேயே உயர்ந்தவர் அல்ல, கோட்டைக் கழற்றினால் அவரும் நம்மைப் போலத்தான் என்று ஒரு மூன்று மணி நேரமாவது உறுதியாகத் தெரிந்துகொள்வதில் ஒரு விடுதலை இருந்தது.

எல்லோரும் மிஸ்டர்தான்

சந்திரபாபு இதைத் திரையோடு விட்டுவிடவில்லை. அதுதான் அவருடைய பெருமை. அவருடைய வீழ்ச்சிக்கும் அதுவே வழி செய்தது.

அக்காலச் சினிமா உலகமும் ஒரு தோட்டம் போலத்தான். பெரிய நட்சத்திரங்களுக்கு முன்னால் எழுந்து நிற்க வேண்டும். அண்ணே என்றோ ஐயா என்றோதான் அழைக்க வேண்டும். சந்திரபாபு மட்டும் எவரையும் பெயர் சொல்லியோ மிஸ்டர் போட்டோ கூப்பிட்டார். நகைச்சுவை நடிகன் என்றால் நாயகனுக்குக் கீழே என்ற கணக்கை அவர் ஏற்கவில்லை. ‘புதையல்’, ‘நாடோடி மன்னன்’, ‘காத்தவராயன்’ என்று படங்கள் வரிசையாக வந்த காலம் அது. ‘சகோதரி’ படம் முடிந்த பிறகு திருப்தியில்லாமல் போக, சந்திரபாபுவைப் பால்காரனாக வைத்து நகைச்சுவைப் பகுதியைப் புதிதாக எடுத்துச் சேர்த்தார்கள். 1959இல் அந்தப் படம் ஓடியதற்கு அவர் ஒரு முக்கிய காரணம். தன் மதிப்புத் தெரிந்தவர் குனியவில்லை.

1965 இந்திய–பாகிஸ்தான் போரின்போது, இராணுவத்தினரை மகிழ்விக்கச் சென்ற கலைஞர் குழுவில் அவரும் இருந்தார். குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனின் மாளிகையில் பாடும் வாய்ப்புக் கிடைத்தது. பாட்டை ரசித்துப் பாராட்டிய தலைவரின் மடியில் போய்ச் சந்திரபாபு உட்கார்ந்துவிட்டார். சுற்றி நின்றவர்கள் திகைத்துப் போக, தத்துவப் பேராசிரியரான அந்தப் பெரியவர் சிரித்தார். மேட்டு வாசலால் நுழைந்து மடி வரைக்கும் போன மனிதர் இவர்.

ஆனால் எல்லாப் பெரியவர்களும் ராதாகிருஷ்ணன் அல்ல. மரியாதை குறைந்தது என்று நினைத்தவர்கள் அதை மறக்கவில்லை. சந்திரபாபுவின் தவறுகளையும் மறைக்கத் தேவையில்லை. படப்பிடிப்புக்கு நேரத்துக்கு வராதவர் என்ற கெட்ட பெயர் அவருக்கு இருந்தது. 1960இல் கண்ணதாசன் அவரை நாயகனாக்கி எடுத்த ‘கவலை இல்லாத மனிதன்’ கவிஞருக்குப் பெரும் கடனையும் கவலையையும் கொடுத்தது. அந்த மனக்கசப்பைக் கவிஞர் தாமே எழுதி வைத்திருக்கிறார்.

திரைக்கு வெளியே ஒரு காதல்

திரையில் எத்தனையோ காதல்களைச் சேர்த்து வைத்தவரின் சொந்தத் திருமணம் 1958இல் நடந்தது. ‘சபாஷ் மீனா’ வந்த அதே ஆண்டு. மணமான சில காலத்திலேயே, தான் வேறொருவரை விரும்பியவள் என்பதை மனைவி அவரிடம் சொல்லிவிட்டார். அந்தக் காலத்து ஆண் ஒருவர் என்ன செய்திருப்பார் என்று நமக்குத் தெரியும். சந்திரபாபு அதைச் செய்யவில்லை. அந்தப் பெண் விரும்பிய வாழ்க்கைக்கு அவரை அனுப்பி வைத்தார். மனைவி தன் உடைமை அல்ல என்பதை, அதைப் பற்றிப் பேசாமல், செய்து காட்டினார். பாக்யராஜ் 1981இல் எடுத்த ‘அந்த 7 நாட்கள்’ படத்தைப் பேசுவோர் இந்தச் சம்பவத்தையும் சேர்த்தே பேசுவது வழக்கம்.

அவர் அதைத் தாங்கிக்கொண்டாரா என்றால் இல்லை. குடி கூடியது. பிறகு போதை மருந்தும் சேர்ந்தது.

மாடியும் ஏழையும்

1960களில் சந்திரபாபு இரண்டு பெரிய காரியங்களில் இறங்கினார். ஒன்று வீடு. சென்னையில், கார் நேராக மாடி வரைக்கும் ஏறிப் போகும்படி அவர் திட்டமிட்டுக் கட்டிய வீடு. மற்றது படம். எம்.ஜி.ஆரை நாயகனாக வைத்து, தானே இயக்கித் தயாரிக்க நினைத்த படம். அதற்கு அவர் வைத்த பெயர் ‘மாடி வீட்டு ஏழை’.

அந்தப் படம் தொடக்கத்திலேயே நின்றுபோனது. எம்.ஜி.ஆர். தரப்போடு ஏற்பட்ட பிணக்கில் படப்பிடிப்புத் தொடரவில்லை. கடன் ஏறியது. வீடும் கைவிட்டுப் போனது. எடுக்க முடியாத படத்தின் பெயரே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது. மாடி கட்டியவர் ஏழையானார்.

யார் பக்கம் நியாயம் என்று இன்று தீர்ப்புச் சொல்வதில் பயனில்லை. நாவலப்பிட்டியிலும் கண்டியிலும் வேர் கொண்ட எம்.ஜி.ஆரும், கொழும்பில் வளர்ந்த சந்திரபாபுவும், இரண்டு பேருமே இந்தத் தீவின் வறுமையையும் அந்நியத்தையும் ஒருவகையில் அறிந்தவர்கள். 1969இல் எம்.ஜி.ஆரின் ‘அடிமைப் பெண்’ படத்தில் சந்திரபாபுவும் நடித்தார். அந்த அளவுக்குக் கதவு மீண்டும் திறந்தது. ஆனால் அதற்குள் உடலும் மனமும் தேய்ந்திருந்தன. இடையில், 1966இல் அவரே இயக்கி நடித்த ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ வெளிவந்தது. விவிலியத்தில் உள்ள நம்பிக்கை வார்த்தை அது. வாழ்நாள் முழுக்கக் கதவு தட்டிய ஒருவர் அதைத் தலைப்பாக்கியதில் வியப்பில்லை.

கடைசிக் காலத்தில் கைவிடாமல் இருந்த நண்பர்களில் ஒருவர் இசையமைப்பாளர் எம்.எஸ். விஸ்வநாதன். 1974 மார்ச் 8ஆம் திகதி சந்திரபாபு இறந்தபோது அவருக்கு வயது 46. சென்னை சாந்தோமுக்கு அருகே உள்ள கிறிஸ்தவ இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

அந்த முகம்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. இருக்க வேண்டிய இடத்தை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. லயத்தை எங்கே கட்டுவது என்பதை முடிவு செய்தவர்கள் லயத்தில் வாழ்ந்தவர்கள் அல்லர். போரில் வீடிழந்து முகாமுக்குப் போனவர்களுக்கும், மண்சரிவில் வீடிழந்து முகாமுக்குப் போனவர்களுக்கும், யார் எங்கே வாழலாம் என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள் என்ற அனுபவம் ஒன்றுதான்.

மேடு பள்ளம் இன்னும் இருக்கிறது. காதலிக்கும்போது சாதியையும் சம்பளத்தையும் ஊரையும் கேட்கும் வழக்கம் நம்மிடையேயும் இருக்கிறது. வடக்கில் தோட்டக்காட்டான் என்ற சொல் இன்னும் முழுதாகச் சாகவில்லை. வன்னியில் ஒரே பதுங்குகுழிக்குள் கிடந்த குடும்பங்கள், கல்யாணப் பேச்சு வரும்போது மலையக வேரைத் தேடிப் பார்த்துப் பின்வாங்கிய கதைகள் நமக்குத் தெரிந்தவைதான். குண்டு விழுந்தபோது பார்க்காத வித்தியாசத்தை அமைதி வந்த பிறகு பார்க்கிறோம்.

இன்றைக்கு ‘சபாஷ் மீனா’வைக் கைத்தொலைபேசியிலேயே பார்த்துவிடலாம். பிள்ளைகளோடு சேர்ந்து ஒருமுறை பாருங்கள். கோட்டுப் போட்ட விருந்தாளியும் வண்டி இழுக்கும் ரிக்‌ஷாக்காரனும் மாறி மாறி வருவார்கள். பிள்ளைகள் சிரித்து முடிந்ததும், இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்பதைக் காட்டிக் கொடுங்கள். சந்திரபாபு சொல்ல வந்தது அவ்வளவுதான்.